மதுரையில் ஒரு விஞ்ஞானி தேர்தலில் நிற்க வேண்டுமானால்

கேள்வி இது: "காமராசர் பல்கலைக்கழகம், வேளாண்மைக் கல்லூரி, மருத்துவக் கல்லூரி, பழைய கலை அறிவியல் கல்லூரிகள் என்று மதுரையில் அறிவியல் படித்தவர்களுக்குக் குறைச்சலே இல்லை. அவர்களைத் தேர்தலில் நிற்க வைப்பது எப்படி? யார் என்ன செய்ய வேண்டும்?"

மேடை போட்டு "அறிஞர்களே, அரசியலுக்கு வாருங்கள்" என்று அழைத்தால் கைதட்டல் கிடைக்கும், வேட்பாளர் கிடைக்க மாட்டார். நிற்கலாமா என்று யோசிக்கிற ஓர் ஆய்வாளர் கடைசியில் வேண்டாம் என்று விட்டுவிடுவதற்குக் காரணங்கள் மிகச் சாதாரணமானவை. வேலை போய்விடும். ஓய்வூதியம் என்ன ஆகும் என்று தெரியாது. பதினைந்து வருடம் குடியிருந்தும் தெருவில் நாலு பேருக்கு மேல் பழக்கமில்லை. பணம் இல்லை. இந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும். அதை அவிழ்ப்பதற்கு ஏற்ற இடம் சட்டமன்றத் தொகுதி அன்று, மாநகராட்சி வார்டும் கிராம ஊராட்சியும்தான். மதுரை மாவட்டத்தில் சட்டமன்ற இடங்கள் 10. மதுரை மாநகராட்சியில் மட்டும் வார்டுகள் 100, மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர் பதவிகள் 420. குடிநீர், சாக்கடை, குப்பை, கண்மாய், கொசு என்று அறிவியல் நேரடியாகப் பயன்படும் வேலைகள் அத்தனையும் இந்த மட்டத்தில்தான் முடிவாகின்றன.

விஞ்ஞானி எதற்கு நிற்க வேண்டும், ஆலோசனை சொன்னால் போதாதா என்பவர்களுக்கு வைகை அணையை நினைவூட்ட வேண்டும். 2017 ஏப்ரலில் நீர் ஆவியாவதைத் தடுக்க அணையில் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார்கள், காற்று அவற்றைக் கரையில் ஒதுக்கியது. ஊரே சிரித்தது. சிரித்ததோடு பேச்சு முடிந்துபோனதுதான் வருத்தம். ஆவியாதல் உண்மையான இழப்பு. நீர்ப்பரப்பை மூடுவதும் உலகில் செய்யப்படுகிற வேலைதான். லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 2015-இல் ஒரு நீர்த்தேக்கத்தில் 9.6 கோடி கறுப்புப் பந்துகளை மிதக்கவிட்டது. வெயில் பட்டுத் தண்ணீரில் புரோமேட் என்ற கெடுதலான வேதிப்பொருள் உண்டாவதைத் தடுப்பது அங்கே முதல் நோக்கம், ஆவியாதல் குறைவது கூடுதல் லாபம். அந்தப் பந்துகளுக்குள் கொஞ்சம் தண்ணீர் நிரப்பி எடை ஏற்றியிருந்தார்கள், காற்று தூக்காமல் இருக்க. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஓர் அங்குலத் தடிமன் கொண்ட சாதாரணத் தெர்மாகோல் அட்டை அரைக் கிலோகூடத் தேறாது. திறந்த அணைப் பரப்பில் வீசும் காற்றுக்கு அது காகிதம் மாதிரி. ஒரு மூலையில் பத்துக்குப் பத்து மீட்டர் கட்டம் கட்டி ஒரு வாரம் விட்டுப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். அந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர்கள் மதுரையிலேயே நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். "முதலில் சின்னதாகச் செய்து பார்ப்போம், பிறகு பணம் ஒதுக்கலாம்" என்ற வார்த்தைக்கு எடை வர வேண்டுமானால், அதைச் சொல்பவர் முடிவெடுக்கும் நாற்காலியில் இருக்க வேண்டும்.

அரிட்டாபட்டி இதன் மறுபக்கம். மேலூர் அருகே உள்ள அந்தக் குன்றுகளை 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 2024 நவம்பரில் அந்த வட்டாரம் உட்பட்ட டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்ததும் ஊர்கள் எழுந்தன. கிராம சபைகள் தீர்மானம் போட்டன, டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அங்கே என்னென்ன பறவை, என்னென்ன சுனை, எந்தக் கல்வெட்டு என்று பல ஆண்டுகளாகப் பொறுமையாகக் குறித்துவைத்தவர்களின் பட்டியல்கள் அந்தப் போராட்டத்துக்குக் கையில் ஆதாரமாக இருந்தன. ஆனால் பட்டியல் அலமாரியில் இருந்தவரை அதற்குச் சட்ட வலு இல்லை. தீர்மானமாக மாறியபோது வலு வந்தது. பட்டியல் எழுதுகிறவரே தீர்மானம் கொண்டுவருகிற இடத்திலும் இருந்தால் எவ்வளவு காலம் மிச்சமாகும் என்று பாருங்கள்.

முன்னே போனவர்கள் இருக்கிறார்கள். மேகநாத் சாகா, நட்சத்திர ஒளியைப் படிக்க உலகம் பயன்படுத்தும் அயனியாக்கச் சமன்பாட்டைத் தந்தவர், 1952 பொதுத் தேர்தலில் கொல்கத்தாவில் நின்று மக்களவைக்குப் போனார். அணு ஆற்றல், ஆற்றுப் படுகைத் திட்டம், தொழில்மயம் என்று அங்கே கடைசிவரை வாதாடினார். அப்துல் கலாம் வழி வேறு. குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிப்பவர்கள் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும். கதவைத் தட்டி வாங்கும் வாக்குக்கு அது முன்மாதிரி ஆகாது.

நமக்கு மிகவும் பக்கத்து உதாரணம் குத்தம்பாக்கம் இளங்கோ. வேதிப் பொறியாளர், சி.எஸ்.ஐ.ஆர். என்ற மத்திய அரசு ஆய்வு மன்றத்தில் விஞ்ஞானியாக இருந்தவர். வேலையை விட்டுவிட்டுத் திருவள்ளூர் மாவட்டத்தில் சொந்த ஊரான குத்தம்பாக்கத்துக்குத் திரும்பி 1996-இல் ஊராட்சித் தலைவரானார். கழிவுநீர் வாய்க்கால் கட்ட எஸ்டிமேட்டில் சொன்ன பொருளுக்குப் பதிலாக, கிரானைட் ஆலைகளில் வீணாகும் கல் பலகைகளைப் பயன்படுத்திச் செலவைக் குறைத்தார். தொழில்நுட்பமாக அது நல்ல யோசனை. ஆனால் அனுமதிக்கப்பட்ட எஸ்டிமேட்டை மீறியது விதிப்படி குற்றம். பதவியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். கிராம சபை அவர் பின்னால் நின்றது, பதவி திரும்பியது, அடுத்த தேர்தலிலும் வென்றார். நிற்க நினைக்கிற ஒவ்வொரு விஞ்ஞானியும் இதிலிருந்து இரண்டை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, மாற்றுப் பொருள் போட வேண்டுமானால் முதலில் திருத்திய எஸ்டிமேட்டுக்கு உதவிப் பொறியாளரிடம் கையெழுத்து வாங்குங்கள், பிறகு வேலையைத் தொடங்குங்கள். இரண்டு, மக்களிடம் கணக்கை முன்கூட்டியே படித்துக் காட்டியிருந்தால்தான் சிக்கல் வரும் நாளில் அவர்கள் வந்து நிற்பார்கள்.

நல்ல வேலை செய்தால் வாக்கு தானாக வரும் என்ற நம்பிக்கையையும் ஆரம்பத்திலேயே விட்டுவிடுவது நல்லது. சி. சுப்பிரமணியம் இயற்பியல் பட்டதாரி. மத்திய உணவு அமைச்சராக வேளாண் விஞ்ஞானிகள் பக்கம் நின்று 1966-இல் 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதையை இறக்குமதி செய்ய வைத்தவர். பசுமைப் புரட்சிக்கு அதுதான் வித்து. 1967 தேர்தலில் அவர் தோற்றார்.

அமெரிக்காவில் 2016-இல் ஒரு வேதியியலாளர் தொடங்கிய '314 ஆக்‌ஷன்' என்ற அமைப்பு விஞ்ஞானிகளுக்கு வேட்பாளர் பயிற்சி தருகிறது. பை (3.14) என்ற எண்ணிலிருந்து வந்த பெயர். 2018 தேர்தலில் அவர்கள் ஆதரித்த பொறியாளர்களும் மருத்துவர்களும் பலர் நாடாளுமன்றம் போனார்கள். அதை அப்படியே இங்கே நட முடியாது. அங்கே கட்சி வேட்பாளரையே வாக்காளர்கள் முதல்நிலைத் தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள், இங்கே சீட்டைத் தலைமை தருகிறது. ஆனால் ஒரு விஷயம் அப்படியே பொருந்தும்: அறிவியல் தெரிந்தவருக்கு அறிவியலைச் சொல்லித் தராமல், பணம் திரட்டுவது, கதவைத் தட்டுவது, இரண்டு நிமிடத்தில் பேசுவது ஆகியவற்றைச் சொல்லித் தருகிறார்கள்.

இனி வேலைக்கு வருவோம். இதில்தான் பெரும்பாலானோர் தடுக்கி விழுகிறார்கள்.

மத்திய, மாநில அரசு ஊழியர் பதவியில் இருந்துகொண்டு எந்தத் தேர்தலிலும் நிற்க முடியாது. அரசு ஆய்வகம், அரசுக் கல்லூரி, அரசு மருத்துவமனை எல்லாம் இதில் அடங்கும். விலகத்தான் வேண்டும், ஆனால் எப்படி விலகுகிறீர்கள் என்பதில் வாழ்க்கையே மாறும். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர் ராஜினாமா செய்தால் அதுவரை செய்த பணிக்காலம் ஓய்வூதியக் கணக்கில் அழிந்துவிடும். விருப்ப ஓய்வில் போனால் அழியாது. தமிழ்நாடு அரசுப் பணியில் 50 வயது நிறைந்தவரோ, 20 ஆண்டு தகுதியான பணி முடித்தவரோ மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்து விருப்ப ஓய்வு பெறலாம். அந்த மூன்று மாதத்தைத் தேர்தல் அட்டவணையோடு பொருத்திப் பாருங்கள். 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பு வந்தது ஜனவரி 26. மனு தாக்கல் ஜனவரி 28-இல் தொடங்கி பிப்ரவரி 4-இல் முடிந்தது. அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தால் மனு போடவே முடியாது. மனு பரிசீலனை நாளன்று நீங்கள் பணியில் இல்லை என்பதற்கு ஆணை கையில் இருக்க வேண்டும், விண்ணப்பித்த நகல் போதாது. எனவே தேர்தல் வரும் என்று தோன்றும் காலத்துக்கு ஆறு மாதம் முன்பே முடிவெடுங்கள். 20 ஆண்டு முடிக்காத, 40 வயதுக்குக் குறைந்த அரசு விஞ்ஞானியிடம் "வேலையை விட்டு வா" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அவர் தான் நிற்காமல், நிற்பவருக்குத் தன் சொந்த நேரத்தில் தகவலை விளக்கிச் சொல்வதைக்கூட நடத்தை விதிக்குள் அடங்குமா என்று பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

அரசு உதவிபெறும் கல்லூரி ஆசிரியர்கள் விஷயத்தில் பொதுவாகப் பேசுவது ஆபத்து. நியமன ஆணை, கல்லூரியின் நடத்தை விதி இரண்டையும் எடுத்துப் படியுங்கள். நிர்வாகத்திடமும் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகத்திடமும் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்ற வாய்வார்த்தையை நம்பி மனு போட்டால் எதிர் வேட்பாளரின் வக்கீல் பரிசீலனை மேஜையில் அதைக் கையில் எடுப்பார். சுயநிதிக் கல்லூரி, தனியார் ஆய்வகம், தனியார் மருத்துவமனை ஊழியர்களுக்குத் தேர்தல் சட்டத்தில் தடை இல்லை, முதலாளியின் சம்மதம் மட்டும் வேண்டும். ஓய்வுபெற்றவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. 60 வயதில் ஓய்வுபெற்று, உடல் நன்றாக இருந்து, ஓய்வூதியமும் வருகிற பேராசிரியர்தான் முதல் சுற்றில் அணுக வேண்டிய ஆள். அடுத்து, ஓரிடத்தில் நிலையாகக் குடியிருக்கும் தனியார் மருத்துவர்கள், கால்நடை மருத்துவர்கள், வேளாண் பட்டதாரிகள்.

இன்னொரு கண்ணி பலருக்குத் தெரியாது. உங்கள் பரிசோதனை நிலையம் மாநகராட்சிக்குத் தண்ணீர் பரிசோதித்துக் கொடுக்கிற ஒப்பந்தத்தில் இருந்தால், அந்த ஒப்பந்தமே உங்களைத் தகுதியிழக்கச் செய்யலாம். மனுவுக்கு முன்பே அதை முடித்துக் கணக்குத் தீருங்கள். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் எல்லாவற்றையும் பாக்கியில்லாமல் கட்டி ரசீதுகளை ஒரே கோப்பில் வையுங்கள்.

வார்டின் அளவைக் கணக்காகப் பார்த்தால் பயம் பாதி குறையும். 12,000 வாக்காளர் உள்ள ஒரு வார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர் வாக்களித்தால் 6,000. ஐந்து பேர் வலுவாகப் போட்டியிட்டால் 2,000 வாக்குக்குக் கொஞ்சம் மேலே வாங்குபவர் ஜெயிக்கலாம். ஆறில் ஒரு பங்கு, அதாவது 1,000 வாக்குக்குக் கீழே போனால் டெபாசிட் போய்விடும். வீட்டுக்கு மூன்று வாக்கு என்றால் 4,000 வீடு. மாலை 5 மணியிலிருந்து 8.30 வரை, வீட்டுக்கு ஐந்து நிமிடம் வீதம் சுமார் 40 வீடு முடியும். 4,000 வீட்டுக்கு 100 மாலைகள். வாரம் மூன்று மாலை ஒதுக்கினால் எட்டு மாதம். பிரசார காலம் இரண்டு வாரம்தான் என்பதால், தேர்தல் அறிவித்த பிறகு வீடு வீடாகப் போகலாம் என்று இருப்பவர் எல்லா வீட்டையும் பார்க்கவே முடியாது. கையில் ஒரு நோட்டு வேண்டும்: தெரு, கதவு எண், பேசியவர், சொன்ன குறை, திரும்ப வருவதாகச் சொன்ன தேதி. அந்தக் கடைசிப் பத்தியில் எழுதியதை நீங்கள் காப்பாற்றுகிறீர்களா என்பதை வைத்துத்தான் தெரு உங்களை எடைபோடும்.

பேச்சைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். படித்தவர்கள் தோற்கும் இடம் இது.

செல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் ஒரு அக்கா சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "தண்ணி நாலு நாளைக்கு ஒருக்காதான் வருது சார், அதும் மொதல்ல கலங்கலா வருது." விஞ்ஞானியின் வாய் உடனே விளக்கத் துடிக்கும். விளக்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். மொத எத்தனை குடம் கலங்கல்? நாத்தம் அடிக்குதா? பக்கத்து வீட்டுலயும் அப்படியா? முதல் மூன்று நான்கு குடம் மட்டும் பழுப்பாக வந்து பிறகு தெளிந்தால், குழாய்க்குள் தங்கிய துருவும் மண்ணும் அடித்து வருகின்றன. கடைசிவரை நாற்றம் இருந்தால் சாக்கடை கலக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். விட்டு விட்டு விநியோகிக்கிற ஊரில் தண்ணீர் நிற்கும் நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இறங்கி, கசிகிற இணைப்பு வழியாக வெளியே உள்ள சாக்கடை நீரை உள்ளே இழுக்கும். குழாய் சாக்கடைக்குள் மூழ்கிப் போகும் தெருக்களில் இது அடிக்கடி நடக்கும். பையில் ஒரு குளோரின் பரிசோதனைக் கிட் வைத்திருங்கள், சில நூறு ரூபாய்தான். குழாய்த் தண்ணீரில் சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும். உடனே அட்டையோடு ஒப்பிடுங்கள், தாமதித்தால் நிறம் கூடித் தப்பாகக் காட்டும். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறம் வந்து, தெருக்கோடியில் நிறமே வராமல் போனால், நடுவில் எதுவோ குளோரினைத் தின்கிறது.

இப்போது பேசுங்கள்: "அக்கா, மொத அஞ்சு குடத்தைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்காதீங்க, மத்ததைக் காய்ச்சிக் குடிங்க. சாம்பிள் எடுத்துட்டுப் போறேன், வெள்ளிக்கிழமை ரிசல்ட்டோட வர்றேன்." வெள்ளிக்கிழமை போய் நிற்க வேண்டும், முடிவு சாதகமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அந்தச் சாம்பிளை ஒழுங்காக எடுப்பதும் அரசியல்தான், ஏனென்றால் தப்பான ஒரு முடிவு உங்கள் பெயரை ஐந்து வருடத்துக்குக் கெடுக்கும். கிருமி நீக்கிய பாட்டிலில் சோடியம் தயோசல்பேட் போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரில் உள்ள குளோரின் வழியெல்லாம் கிருமியைக் கொன்றுகொண்டே வந்து, கெட்ட தண்ணீரை நல்லதாகக் காட்டும். ஐஸ் பெட்டியில் வைக்காமல் சித்திரை வெயிலில் பைக்கில் கொண்டுபோனால் நேர்மாறு, கிருமி பெருகி நல்ல தண்ணீரும் கெட்டதாகத் தெரியும். அன்றே ஆய்வகத்தில் சேர்த்து, குறிப்பில் இடம், நேரம், எடுத்தவர் பெயர் எழுதுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் அல்லது அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்தின் அறிக்கையை மட்டுமே வெளியே காட்டுங்கள். உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் நீங்களே செய்த பரிசோதனை உங்கள் புரிதலுக்கு. "தன் தேர்தலுக்காகத் தானே எழுதிக்கொண்ட ரிசல்ட்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் பதில் சொல்ல முடியாது.

இதே போல மன்றத்தில் கேட்க வேண்டிய கேள்விகளும் எளிமையானவை. ஒரு சதுர கிலோமீட்டரில் 45 மில்லிமீட்டர் மழை பெய்தால் 4.5 கோடி லிட்டர் தண்ணீர். 2024 அக்டோபர் 25 மாலை பெய்த மழையில் செல்லூர் வட்டாரம் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு, பந்தல்குடி வாய்க்கால் அந்தத் தண்ணீரை எவ்வளவு நேரத்தில் கடத்தும் என்ற கேள்வி புரியும். "இந்த வடிகால் எஸ்டிமேட்டில் மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் மழைக்குக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள்? வாய்க்கால் அடிமட்டத்தின் சரிவு எவ்வளவு?" இந்த இரண்டு கேள்வியையும் ஒவ்வொரு வடிகால் தீர்மானத்திலும் கேட்கும் ஒரு கவுன்சிலர் இருந்தால், அடுத்த எஸ்டிமேட்டில் அந்த இரண்டு எண்ணும் தாமாகவே இடம்பெறும். ஒரு எச்சரிக்கை: நீங்கள் நுண்ணுயிரியலாளர் என்றால் பாலம் கட்டுவதில் உங்கள் கருத்து ஒரு சாதாரணக் குடிமகனின் கருத்துதான். தெரியாத துறையிலும் முனைவர் பட்டத்தை முன்னே நீட்டுகிறவரை மக்கள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கட்சியா, சுயேச்சையா? கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சி சார்பில்லாமல் நடப்பவை. விஞ்ஞானிக்கு அதுவே நல்ல நுழைவாயில். மாநகராட்சி வார்டு கட்சி அடிப்படையில் நடக்கும். சுயேச்சைக்குச் சின்னம் கிடைப்பது மனு வாபஸ் முடிந்த பிறகுதான். 2022-இல் வாபஸ் பிப்ரவரி 7, வாக்குப்பதிவு 19. அதாவது சின்னத்தை 4,000 வீட்டுக்கும் கொண்டுசேர்க்க 12 நாளுக்கும் குறைவு. முகத்தையும் பெயரையும் முன்பே பதியவைத்தவருக்குத்தான் அது போதும். கட்சியில் நிற்க விரும்பினால் விருப்ப மனு கொடுப்பதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். மருத்துவர் அணி, பொறியாளர் அணி போன்றவற்றில் சேர்வது வழக்கமான பாதை. ஆனால் அணியில் மட்டும் இருந்தால் முகாம் நடத்தவே கூப்பிடுவார்கள். வார்டு நிர்வாகிகளோடு பூத் வேலை பார்த்தவர் பெயர்தான் நேர்காணலில் நிற்கும். மதுரை மத்தியில் 2016-லும் 2021-லும் வென்ற பழனிவேல் தியாகராஜன் பொறியியல் படித்து அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்றவர். அவருக்குப் படிப்போடு கட்சியும் மூன்று தலைமுறை அரசியல் குடும்பமும் இருந்தன. அந்தப் பின்புலம் இல்லாதவர் அந்த இடத்தை நாள்களால்தான் ஈடுகட்ட முடியும்.

இட ஒதுக்கீட்டையும் முதலிலேயே கணக்கில் எடுங்கள். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. எந்த வார்டு யாருக்கு என்பது தேர்தலை ஒட்டித்தான் உறுதியாகும். எனவே ஒரு வார்டுக்கு ஒரு பெண்ணும் ஓர் ஆணும் சேர்ந்து தயாராவது அறிவு. மாநகராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் எந்த வார்டிலும் நிற்கலாம், ஆனால் முன்மொழிபவர் அந்த வார்டு வாக்காளராக இருக்க வேண்டும். மதுரையின் மகளிர் கல்லூரிகளில் அறிவியல் கற்பித்து ஓய்வுபெற்ற பெண்கள் எவ்வளவு பேர்! பெயருக்கு மனைவியை நிறுத்திவிட்டுக் கணவர் கூட்டத்துக்குப் போகிற வழக்கத்தை உடைக்க இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. இன்னொன்றும் மறைக்கக் கூடாது. மேலவளவில் 1997-இல் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசன் கொல்லப்பட்ட மாவட்டம் இது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலித்துகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவிக்குத் தேர்தலை ஒழுங்காக நடத்த 2006 வரை ஆனது. தலித் விஞ்ஞானி ஒருவரை நிற்கச் சொல்லும்போது அவருக்குப் பின்னால் யார் யார் நிற்கப் போகிறோம் என்பதையும் பெயரோடு சொல்ல வேண்டும்.

பணம். 2022-இல் மாநகராட்சி வார்டுக்கு டெபாசிட் 4,000 ரூபாய், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்குப் பாதி. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் செலவு வரம்பு 85,000 ரூபாய். 2019 ஊரகத் தேர்தலில் ஊராட்சித் தலைவருக்கு டெபாசிட் 600, வரம்பு 34,000. 85,000-ஐ 4,000 வீட்டால் வகுத்தால் வீட்டுக்கு 21 ரூபாய். இரண்டு துண்டறிக்கை, ஒரு சின்ன அட்டை, ஆட்டோ ஒலிபெருக்கி, பூத் ஆட்களுக்குச் சாப்பாடு இதற்குள் அடங்கும். 12 பூத் என்றால் மாற்றி உட்கார 24 முகவர்கள் வேண்டும், அவர்களை இப்போதே பெயர் எழுதி வையுங்கள். உங்களிடம் படிக்கும் மாணவர்களை இதில் இழுக்காதீர்கள். மதிப்பெண் போடுகிற கை கூப்பிட்டால் அவர்களால் மறுக்க முடியாது.

வாக்குக்குப் பணம் கொடுப்பதைக் குறிக்கும் 'திருமங்கலம் பார்முலா' என்ற சொல்லே 2009 இடைத்தேர்தலுக்குப் பிறகு நம் மாவட்டத்திலிருந்துதான் நாடு முழுக்கப் போனது. வாக்குக்குப் பணம் கொடுப்பவர் எதிரே நிற்பார் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். அவரோடு போட்டி போட முடியாது, கூடவும் கூடாது. எட்டு மாதம் கதவைத் தட்டியவருக்கு ஒரு பிடிமானம் உண்டு: பணம் வாங்கியவர்களிலும் ஒரு பகுதியினர் மனசுக்குப் பட்டவருக்கே போடுகிறார்கள். அது ஜெயிக்கப் போதுமா என்பது வார்டுக்கு வார்டு மாறும். முதல் முறை தோற்கும் வாய்ப்பே அதிகம் என்பதை வேட்பாளரின் குடும்பத்துக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஜெயித்தாலும் வருமானம் பெரிதில்லை. 2023 ஜூலையிலிருந்து மாநகராட்சி கவுன்சிலருக்கு மாத மதிப்பூதியம் 10,000 ரூபாய்.

மனு விஷயத்தில் விஞ்ஞானிகள் செய்யும் பிழை விநோதமானது. பொருந்தாத கட்டத்தைக் காலியாக விடுவார்கள், ஆய்வுப் படிவத்தில் பழகியது அப்படி. பிரமாணப் பத்திரத்தில் காலி இடமே நிராகரிப்புக்குக் காரணமாகலாம் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' அல்லது 'பொருந்தாது' என்று எழுதுங்கள். இனிஷியல் வாக்காளர் பட்டியலில் ஒரு மாதிரி, சான்றிதழில் ஒரு மாதிரி இருந்தால் முன்பே திருத்துங்கள். கடைசி நாளுக்கு ஒத்திப்போடாமல் இரண்டாம் நாளே மனு கொடுத்தால் குறையைச் சரிசெய்ய நேரம் கிடைக்கும்.

சுற்றியிருப்பவர்கள் செய்யக்கூடியது நிறைய. சுயநிதிக் கல்லூரிகள் ஒரு பருவம் ஊதியமில்லா விடுப்புத் தந்து, தோற்றால் அதே இடத்தில் சேரலாம் என்று எழுத்தில் கொடுத்தால் அதுவே பெரிய உதவி. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகளில் தெருமுனையில் நின்று அறிவியல் பேசிப் பழகியவர்கள் இருக்கிறார்கள், பேச்சுப் பயிற்சிக்கு அவர்களைக் கேளுங்கள். ஓய்வுபெற்ற மாநகராட்சிப் பொறியாளர் ஒருவர் நாலு சனிக்கிழமை உட்கார்ந்து எஸ்டிமேட், டெண்டர், எம்-புக் (செய்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு), பில் நான்கையும் ஒரு உண்மையான சாலை வேலையை வைத்துச் சொல்லித் தரட்டும். ஊராட்சியில் தலைவர், துணைத் தலைவர் இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் பணம் எடுக்க முடியும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் தலைவரானவர் முதல் மாதமே முடங்கிப்போவார். துணைத் தலைவர் யார் என்பதை வார்டு உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள், அதனால் அந்த ஒன்பது பத்துப் பேரோடும் தேர்தலுக்கு முன்பே உறவு வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. நிற்க நினைக்கிறவர் ஆறிலும் போய் உட்கார்ந்து, வரவு செலவு படிக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வரட்டும். நகரத்தில் பகுதி சபை, வார்டு குழுக் கூட்டங்கள் அதே வேலைக்கு.

முடிவு வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, தோற்றவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். செலவுக் கணக்கை ரசீதுகளோடு 30 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். டெபாசிட் போனவருக்கும் இது பொருந்தும். ஒப்படைக்காவிட்டால் மூன்று ஆண்டுக்கு நிற்கத் தகுதி போய்விடும். பிரசாரம் தொடங்கும் நாளிலேயே ஒருவரைக் கணக்குக்கென்று தனியாக வைத்து, டீச் செலவு உட்பட அன்றாடம் எழுதச் சொல்லுங்கள். கணக்கைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி, அந்தத் தெரு நோட்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். நோட்டில் தேதி சொல்லிவிட்டு இன்னும் போகாத வீடுகள் இருக்கும், அவற்றுக்கு அடுத்த வாரம் போங்கள்.